உண்ணியும் உண்ணிச்செடியும்: குரங்குக் காய்ச்சல் காட்டின் விளிம்பில் பரவுவது ஏன்?

ஒரு மீட்டர் அகல வெள்ளைத் துணியைக் கோலில் கட்டி, தை மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கத்து ஈரக்காட்டின் ஓரமாகத் தரையோடு இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, துணியைத் திருப்பிப் பார்த்தால் எள்ளளவு பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். மண் என்று தட்டப் போனால் நகரும். உண்ணிகளைக் கணக்கெடுக்க ஆய்வாளர்கள் உலகெங்கும் கையாளும் எளிய முறை இது. குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் கியாசனூர் காட்டு நோயை மனிதருக்குக் கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பருவத்து உண்ணியின் கடிதான்.

காடு நன்றாக இருந்தால் விலங்குவழி நோய்கள் மட்டுப்படும் என்று கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கால்நடைத் துறைக்கும் பயனில்லை, வனத்துறைக்கும் பயனில்லை. எந்த விலங்கு, எந்த மாதம், காட்டின் எந்தப் பகுதி என்று இறங்கிப் பார்த்தால்தான் எங்கே கை வைக்கலாம் என்று தெரியும். அப்படி இறங்கிப் பார்க்கக் குரங்குக் காய்ச்சல் மாதிரி வாய்ப்பான நோய் நம் நாட்டில் வேறில்லை.

1957 மார்ச்சில், அன்றைய மைசூர் மாநிலத்தின் சொரபா வட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுவட்டார ஊர்களில் ஆட்கள் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். முதலில் எழுந்த அச்சம் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்பது. தென் அமெரிக்கக் காடுகளில் அந்த நோய் தலைகாட்டும்போது குரங்குகள்தான் முன்னால் சாகும். புனே வைரஸ் ஆய்வு மையம் பிரித்தெடுத்ததோ வேறொன்று. ரஷ்யாவில் உண்ணி கடித்து வரும் மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவுக்கார வைரஸ் அது. உடனே சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள்மேல் சந்தேகம் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில், ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து வளையமிட்டது. பறவைகள்மேல் போட்ட பழி நிற்கவில்லை. இந்தியப் பறவையியலுக்குத்தான் அதில் லாபம்.

நோயின் சூட்சுமம் உண்ணியின் வாழ்க்கையில் இருக்கிறது. இந்த நோயை முக்கியமாகப் பரப்பும் உண்ணி இனமான ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா தன் ஆயுளில் மூன்றே முறை இரத்தம் குடிக்கும், மூன்று முறையும் வெவ்வேறு விலங்கிடம். மழை ஓய்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சருகுக்கு அடியில் இட்ட முட்டைகள் பொரிந்து ஆறு கால் லார்வாக்கள் வெளிவரும். கசகசா அளவுகூட இருக்காது. எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை, தரைக்கு இறங்கும் குரங்கு என்று கிடைத்ததன்மேல் ஏறிக் குடித்துவிட்டு விழும். தோலுரித்து எட்டு கால் நிம்ஃபாக, அதாவது இளம் உண்ணியாக, மாறும். நிம்ஃபின் காலம் நவம்பர் கடைசியிலிருந்து மே வரை. அதுவும் ஒரு முறை குடித்து, தோலுரித்து, மழைக்காலத்தில் முழு உண்ணியாகும். முழு உண்ணிக்கு எலி போதாது, பெரிய உடம்பு வேண்டும். காட்டுமாடு, கடமான் அல்லது ஊர் மாடு. அங்கே வயிறு புடைக்கக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும்.

வைரஸ் இதில் எங்கே ஏறுகிறது? இந்த இனத்தில் தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கு வைரஸ் போவது பெரிய வழியாகத் தெரியவில்லை. ஆகவே லார்வா பெரும்பாலும் சுத்தமாகத்தான் பிறக்கிறது. நோயுற்ற குரங்கிடமோ சிறு விலங்கிடமோ குடிக்கும்போது வைரஸ் உள்ளே போய், தோலுரித்த பிறகும் உடம்பிலேயே தங்குகிறது. அடுத்த கடியில் இறங்குகிறது. சாம்பல் மந்தியும் நாட்டுக் குரங்கும் இந்த வைரஸைத் தாங்காது. அவற்றின் இரத்தத்தில் அது எக்கச்சக்கமாகப் பெருகும். குரங்கு செத்ததும் உடம்பிலிருந்த உண்ணிகள் கழன்று அந்த மரத்தடியிலேயே பரவும். சுகாதாரத் துறை செத்த குரங்கைச் சுற்றி ஏறத்தாழ 50 மீட்டருக்கு மாலத்தியான் பூச்சிக்கொல்லித் தூள் தூவச் சொல்வது இதனால்தான்.

மாட்டின் பங்கைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மாட்டின் இரத்தத்தில் இந்த வைரஸ் சொல்லும்படி பெருகுவதில்லை, மாடு நோயைப் பரப்புவதில்லை. மாடு பெருக்குவது உண்ணியை. நூறு மாடுகள் தினமும் ஒரே தடத்தில் காட்டுக்குள் போய் வந்தால், மழைக்காலம் முழுக்க முழு உண்ணிகளுக்குப் பந்தி வைத்த மாதிரி. காட்டுமாடும் அதே வேலையைச் செய்யும்தான், ஆனால் அது ஊருக்குள் வந்து தொழுவத்தில் படுப்பதில்லை. ஊர் மாடு உண்ணியைப் பாதையோரத்திலும், புல்வெளியிலும், தொழுவத்து வாசலிலும் உதிர்த்துக்கொண்டே வருகிறது. நான்கு மாதம் கழித்து, மனிதர் நடமாடும் அந்த இடங்களில்தான் லார்வா பொரிகிறது.

இதை முதலில் கோவையாகச் சொன்னவர் கொலம்பியாக்காரரான ஹோர்ஹே போஷெல். அவருக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. 1930-களில் தன் நாட்டில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தபோது, மரவெட்டிகள் ஒரு பெரிய மரத்தைச் சாய்த்ததும் உச்சிக் கிளைகளில் வாழும் நீலநிறக் கொசுக்கள் மொத்தமாகத் தரைக்கு வந்து ஆட்களை மொய்ப்பதை அவர் பார்த்தார். நாற்பதடி உயரத்தில் குரங்குக்கும் கொசுவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த நோய், மரம் விழுந்ததும் மனிதனின் முகத்துக்கு வந்துவிட்டது. பின்னாளில் கியாசனூரை ஆராய்ந்தபோது அவர் பார்த்ததும் கிட்டத்தட்ட அதையே. காட்டுப் பள்ளத்தாக்குகளை வெட்டி வயலாக்கினார்கள், வயலோடு குடியும் மாடும் வந்தன, மாட்டோடு உண்ணி பல்கியது என்று 1969-ல் வெளியான கட்டுரையில் எழுதினார். வைரஸ் புதிதல்ல, அது எப்போதோ காட்டுக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்க வேண்டும், புதிதாக வந்தது காட்டின் விளிம்புதான் என்பது அவர் வாதம்.

விளிம்பில் என்ன இருக்கிறது? முதலில் வெளிச்சம். மரக்கூரை மூடிய காட்டுக்குள் தரைவரை வெயில் இறங்காது, புதர் அதிகம் இராது. வெட்டிய ஓரத்தில் வெயில் விழுந்ததும் முந்திக்கொண்டு எழும் செடிகளில் ஒன்று லண்டானா. தமிழில் அதற்கு உண்ணிச்செடி என்றே பெயர். அதன் புதர் எலிக்கும் மூஞ்சூறுக்கும் காட்டுக்கோழிக்கும் நல்ல ஒதுங்கிடம், ஆகவே லார்வாவுக்கும் நிம்ஃபுக்கும் அங்கே இரத்தத்துக்குப் பஞ்சமில்லை. புதரடியில் சருகும் ஈரமும் கிடக்கும். உண்ணிக்கு உலர்ந்த காற்றுதான் எமன், ஈரமிருந்தால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். இவ்வளவும் மாடு போகும் தடத்தின் இரு பக்கத்திலும்.

1980-களின் தொடக்கத்தில் தட்சிண கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடியில், முந்திரி நடுவதற்காகக் காட்டை மொத்தமாக வெட்டியதை ஒட்டி வந்த கொள்ளைநோயில் ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சராசரியாக ஆண்டுக்கு 400 முதல் 500 பேருக்கு வரும் நோய் இது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். 2012-க்குப் பிறகு பழைய எல்லையைத் தாண்டி பந்திப்பூர், முதுமலை, வயநாடு, கோவாவின் சத்தாரி, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று வரிசையாகத் தலைகாட்டியது. கோவாவில் முந்திரித் தோப்புத் தொழிலாளிகள் அதிகம் அகப்பட்டதில் வியப்பில்லை. முந்திரிப் பழம் பொறுக்கும் மாதங்களும் நிம்ஃப் பசியோடு காத்திருக்கும் மாதங்களும் ஒன்றே. இந்தப் பரவலில் ஒரு பங்கு நாம் தேடத் தொடங்கியதால் கண்ணில் பட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சோதனை செய்யும் இடங்கள் கூடினால் நோய் பதிவாகும் ஊர்களும் கூடத்தான் செய்யும்.

இன்னொரு வழி வீட்டுக்குள்ளேயே வருவது. கர்நாடகத்தின் மலைநாட்டில் பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்துக் காட்டில் தழையும் சருகும் எடுக்கும் உரிமை உண்டு. அந்த நிலத்துக்கு சொப்பின பெட்டா என்று பெயர். பனிக்காலம் முடிந்து சருகு உதிரும்போது கூடைகூடையாக வாரிக் கொண்டுவந்து தொழுவத்தில் மாட்டுக்குப் படுக்கையாகப் போடுவார்கள். சாணமும் மூத்திரமும் கலந்து மட்கியதும் பாக்குக்கு எருவாகும். அருமையான முறை, உரக்கடைக்குப் போகவே வேண்டாம். ஆனால் சருகை வாரும் கை, தலையில் கூடை, இடுப்பில் சேலைக் கொசுவம் என்று உண்ணிக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. கூடையோடு வந்த நிம்ஃப் கொல்லையில் இறங்கினால் காட்டுக்கே போகாத கிழவிக்கும் காய்ச்சல் வரும்.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு மனித நோயாளிகள் இருந்த இடங்களை நிலப்படத்தோடு பொருத்திப் பார்த்தது. ஆபத்து கூடியிருந்தது ஈரப் பசுமைக்காடும் தோட்டமும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்த இடங்களில், நாட்டு மாடுகள் அடர்ந்த இடங்களில். தொடர்ச்சியான காட்டின் நடுவில் அல்ல, காடே இல்லாத வெளியிலும் அல்ல.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான சறுக்கல் உண்டு. ‘பல்லுயிர் பெருகினால் நோய் நீர்த்துப்போகும்’ என்று உண்ணி கடித்து வரும் லைம் நோய் பற்றிய அமெரிக்க ஆய்வுகளை எடுத்து எல்லா நோய்க்கும் ஒட்டவைப்பார்கள். அங்கே நோயை நன்றாகச் சுமக்கும் வெள்ளைக்கால் எலி ஒன்று, அதைச் சுமக்காத வேறு பல விலங்குகள் உண்டு. உண்ணி இவற்றைக் கடித்தால் அந்தக் கடி வீண். குரங்குக் காய்ச்சலில் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. வைரஸைப் பெருக்காத பெரிய விலங்கு கூடினாலும் உண்ணியின் எண்ணிக்கை ஏறுகிறதே. விலங்கு வகை எத்தனை என்பதைவிட, எது எங்கே, எந்தப் பருவத்தில், மனிதனுக்கு எவ்வளவு அருகில் இரத்தம் கொடுக்கிறது என்பதுதான் இங்கே தீர்மானிக்கிறது.

காடு செழித்ததும் நோய் நின்றதற்குத் தெளிவான சாட்சி ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1994-ல் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா பகுதியில் பந்தயக் குதிரைகள் சடசடவென்று செத்தன, அவற்றைப் பார்த்துக்கொண்ட பயிற்சியாளரும் இறந்தார். பழந்தின்னி வௌவாலின் வைரஸ் குதிரை வழியாக மனிதனுக்கு வந்தது. இதுவரை ஏழு பேருக்கு வந்து நால்வர் இறந்திருக்கிறார்கள். 1996 முதல் 2020 வரையிலான தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. நம்மூரில் தைலமரம் என்றால் நீரை உறிஞ்சும் வந்தேறி மரம். அங்கே அதன் உறவுகள்தான் சொந்தக் காடு, குளிர்காலத்தில் பூத்து வௌவாலுக்குத் தேன் கொடுப்பவை. அந்தக் காட்டை வெட்டி வெட்டிக் குறைத்த பிறகு, எல் நினோ வறட்சியில் பூ தவறினால் வௌவால்களுக்குப் போக்கிடமில்லை. பெருங்கூட்டமாக நாடோடிகளாய்த் திரிந்தவை சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து, தோட்டத்து அத்திக்கும் குதிரை லாயத்து மரத்துக்கும் வந்து நிலையாகத் தங்கின. அரைப்பட்டினியில் இருக்கும் வௌவால் சிறுநீரில் வைரஸை அதிகம் விடும், கீழே குதிரை மேயும். ஆனால் மிச்சமிருந்த காடு எந்தக் குளிர்காலத்தில் கொத்தாகப் பூத்ததோ, அந்தக் குளிர்காலத்தில் வௌவால்கள் ஊரை விட்டுக் காட்டுக்குப் போய்விட்டன, குதிரைகளுக்கு நோய் இறங்கவில்லை. வேலி போடவில்லை, விரட்டவில்லை. பூத்தது, போனது, அவ்வளவுதான்.

கொல்வது உதவுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. உகாண்டாவின் கிட்டாக்கா சுரங்கத்தில் எபோலாவின் உறவுக்கார வைரஸான மார்பர்க் தொழிலாளிகளைத் தாக்கியதும் அங்கிருந்த வௌவால்களை மொத்தமாக ஒழித்தார்கள். சில ஆண்டுகளில் புதுக் கூட்டம் வந்து குடியேறியது. ஒழிப்பதற்கு முன் நூற்றுக்கு ஐந்தாக இருந்த தொற்று புதுக் கூட்டத்தில் பதின்மூன்றானது. 2012-ல் அதே வட்டாரத்தில் மனிதருக்கு மறுபடி நோய் வந்தது. நோய்க்குப் பயந்து குரங்கை விரட்டும் ஊர்களுக்கும் இது பொருந்தும். விரட்டப்பட்ட கூட்டம் உடம்பிலுள்ள உண்ணியை அடுத்த ஊரில் உதிர்க்கும்.

அப்படியானால் குரங்குக் காய்ச்சல் பகுதியில் செய்யக்கூடியது என்ன? தடுப்பூசியை இப்போதைக்கு நம்ப முடியாது. பழைய ஊசியை ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஊக்க ஊசிகள் என்று போட்டார்கள். இரண்டு ஊசி மட்டும் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு அறுபது சொச்சம் விழுக்காடுதான் என்று தெரிந்தது. பிறகு அதன் வீரியமும் குறைந்து, கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். புது ஊசிக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் மாதம் முக்கியம். காய்ச்சல் செய்தி ஜனவரியில் வந்ததும் மாட்டுக்கு மருந்து தெளிக்க ஓடுவது பிந்திய வேலை, அதற்குள் நிம்ஃப் சருகில் ஏறிவிட்டது. முழு உண்ணி மாட்டைப் பிடிப்பது மழைக்காலத்தில். பருவமழைக்கு முன்னும் மழை நடுவிலும் மாட்டின் காது, அலைதாடி, மடி, வாலடி ஆகிய இடங்களைப் பார்த்து, முதுகில் ஊற்றும் ஃப்ளுமெத்ரின் மாதிரியான மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் போட்டால், வயிறு நிரம்பிய பெண் உண்ணி முட்டையிடுவதற்கு முன்பே சாகும். ஐவர்மெக்டின் ஊசியும் போடுகிறார்கள். கறவை மாட்டுக்கு அது கூடாது, பாலில் வரும். சாணத்திலும் வெளியேறிச் சாணவண்டின் புழுக்களைக் கொல்லும். சாணவண்டு இல்லாத மேய்ச்சல் காட்டில் சாணம் கிடந்து காயும், வேறு பூச்சி பெருகும். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொன்றைத் திறக்கிற கதை. முடிந்தவரை ஜூன் முதல் செப்டம்பர் வரை மந்தையைக் காட்டுக்குள் விடாமல் தீவனப்புல் வளர்த்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விடச் சுத்தமான வழி. அதற்குக் காசு வேண்டும், நிலம் வேண்டும். காட்டையே நம்பி மாடு வளர்ப்பவரிடம் வெறுமனே ‘விடாதே’ என்று சொல்வதில் நியாயமில்லை.

உண்ணிச்செடியைத் தீ வைத்து அழிக்க நினைப்பது பழைய தப்பு. சருகோடு உண்ணியும் வேகும்தான், ஆனால் தீக்குப் பின் முதலில் துளிர்ப்பவற்றில் உண்ணிச்செடியும் ஒன்று. மேலே வெட்டினாலும் அடியிலிருந்து பத்துக் கிளையாக வரும். பலன் தருவது வேர்க்கழுத்தை அறுக்கும் முறை. தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, தரைக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியை வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண் தொட்டால் மறுபடி வேர்விடும். பறவைகள் உட்காரும் மரங்களுக்கு அடியில் விதை விழுந்து முளைக்கும் கன்றுகளை அடுத்த ஆண்டுகளில் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல் விதைக்காவிட்டால் உழைப்பு வீண். தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. இந்த வேலைக்கு ஆளைக் கோடையில் இறக்கினால் அவர்களே நிம்ஃபின் நடுவில் நிற்பார்கள் என்பதை மேற்பார்வையாளர் மறக்கக்கூடாது. உண்ணிச்செடியை எடுப்பதால் மட்டும் காய்ச்சல் நின்றுவிடாது. மரக்கூரை மறுபடி மூடுவதற்கு அது முதல் படி.

காட்டுக்குப் போகிறவர் கை கால்களில் உண்ணியை அண்டவிடாத டெபா எண்ணெய் தடவிக்கொள்வது, முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது, சருகில் உட்காராமல் இருப்பது எல்லாம் சொல்லப்படுகிறவைதான். வீடு திரும்பியதும் உடுப்பைக் கொதிநீரில் போட்டு, சோப்பால் தேய்த்துக் குளிக்க வேண்டும். கடித்திருக்கும் உண்ணியை நகத்தால் நசுக்கக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றவோ தீக்குச்சி காட்டவோ கூடாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெல்ல இழுத்தால் தலையோடு வரும். கடித்து மூன்று முதல் எட்டு நாளில் திடீர்க் காய்ச்சல், நெற்றியைப் பிளக்கும் தலைவலி, உடம்புவலி, கண் சிவப்பு, வாந்தி என்றால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். டெங்கு என்று எடுத்துக்கொண்டால் நாள் வீணாகும். முதல் சில நாளில் பிசிஆர் சோதனையில் தெரியும், பிறகு இரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் சோதனை. வைரஸுக்கென்று தனி மருந்தில்லை. நீர்ச்சத்தையும் இரத்தக்கசிவையும் கவனித்தே காப்பாற்றுகிறார்கள். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வகை வலிமாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் தாமாக வாங்கிப் போடக்கூடாது. சிலருக்குக் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி வரும், இம்முறை கழுத்து விறைப்போடும் குழப்பத்தோடும். ஆகவே வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். நோயாளியிடமிருந்து பிறருக்கு ஒட்டாது, ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முந்திய தகவல் காட்டுக்குள் நடப்பவரிடம் இருக்கிறது. குரங்கு சாவது பல முறை முதல் மனித நோயாளிக்கு முன்பே நடக்கிறது. மரத்தடியில் செத்த குரங்கைக் கண்டால் கையால் தொடாமல், அடியில் நிற்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனக்காவலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அன்றே சொல்லிவிட்டால், தூள் தூவவும் அந்தத் தடத்தில் மேய்ச்சலை நிறுத்தவும் சருகு வாரப் போகிறவர்களை வேறு பக்கம் திருப்பவும் நேரம் கிடைக்கும்.